கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பனிக்கரடிகள்: கேள்வி பதில்

செல்வம்: கடல்ல பனி உருகினா என்ன சார், கரடிதான் நல்லா நீந்துமே?

நீந்தும். நீந்திக்கொண்டே அதன் முக்கிய இரையான சீல் என்னும் கடல்நாயைப் பிடிக்கத்தான் முடியாது. தண்ணீரில் சீல் அதைவிட வேகம். சீல் மூச்சுவிடுவதற்காகப் பனியை நகத்தால் சுரண்டிச் சில துளைகளைத் திறந்தே வைத்திருக்கும். அதன் பக்கத்தில் கரடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். தலை தெரிந்ததும் கவ்வி வெளியே இழுத்துப் போடும். முதலில் தோலும் கொழுப்பும்தான். வேட்டை செழிப்பான நாட்களில் இறைச்சியை நரிக்கு விட்டுவிட்டுப் போய்விடும். சீல் குட்டிகள் கொழுத்திருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் ஆண்டுக்கான சேமிப்பு. பனி முன்கூட்டியே உடைவது, பாதிப் பந்தியில் இலையை எடுப்பது மாதிரி. மேற்கு ஹட்சனில் 1980களைவிடக் கரடி இப்போது மூன்று நான்கு வாரம் கூடுதலாகக் கரையில் பட்டினி கிடக்கிறது.

யாழினி: கரையில் வேறு எதையாவது தின்று சமாளிக்காதா?

வாத்து முட்டை, பெர்ரி, புல் எல்லாம் தின்னும். 20 கரடிகளின் கழுத்தில் கேமரா கட்டி மூன்று வாரம் பார்த்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. 19 கரடிகள் இளைத்தன, சராசரியாக நாளுக்கு ஒரு கிலோ. தேடி அலைகிற செலவுக்கே தின்றது சரியாகிவிடுகிறது.

ரஃபீக்: பென்குயினைத் தின்னுமா?

அது தென்துருவம். அடுத்தது.

முத்துவேல்: உலகில் பனிக்கரடிகள் 1960களில் 5,000, இப்போது 26,000 என்கிறார்கள். கூடியதை அழிவு என்பீர்களா?

அந்த 5,000 யாரும் முறையாக எண்ணியதல்ல, ஊகம். வேட்டையைக் கட்டுப்படுத்த ஐந்து நாடுகள் 1973இல் ஒப்பந்தம் போட்டபின் சில பகுதிகளில் கூடியது உண்மை. துப்பாக்கியை நிறுத்தலாம், பனி உருகுவதை அப்படி நிறுத்த முடியாது. உலகத்துக்கெல்லாம் ஒரே எண்ணை வைத்துப் பேசாதீர்கள், பகுதி பகுதியாகப் பாருங்கள். மேற்கு ஹட்சனில் 1987இல் சுமார் 1,200. 2016இல் 842. 2021இல் 618.

முத்துவேல்: பக்கத்துக்குப் போயிருக்கலாமே?

இது நல்ல கேள்வி. தெற்கு ஹட்சனில் அதே ஐந்தாண்டில் 780 என்பது 1,003 ஆனது. இடம்பெயர்வுக்குப் பங்கு இருக்கலாம் என்று கணக்கெடுத்தவர்களே சொல்கிறார்கள். ஆனால் மேற்கில் குறைந்தவை முக்கியமாகப் பெண் கரடிகளும் இளசுகளும். பனி குறைந்தால் முதலில் அடி வாங்குவது இவைதான்.

யாழினி: அப்படியே கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே உள்ள கேன் பேசின் கடல்பகுதிக் கரடிகளையும் சொல்லுங்கள். அங்கே கொழுத்திருக்கின்றனவே?

ஆமாம். அங்கே பல ஆண்டுப் பழம்பனி மெலிந்து ஓராண்டுப் பனியானதால் வெளிச்சம் புகுந்தது. கடலில் இரை பெருகியது. அந்த ஓராண்டுப் பனியும் போகும்வரைதான் இந்த யோகம்.

கீதா: பாவம், உணவு போட்டால் என்ன?

போடவே கூடாது. மனித வாடை என்றால் சாப்பாடு என்று பழகிய கரடி கடைசியில் சுடப்படும். மேற்கு ஹட்சன் கரையிலுள்ள சர்ச்சில் ஊருக்குள் வரும் கரடியைப் பிடித்து அடைக்கும் கூடத்திலும் தண்ணீர் மட்டும்தான், தீனி கிடையாது. கரடி மேய்ந்த குப்பைமேட்டையே மூடிவிட்டார்கள்.

ஆனந்த்: நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகிறோம். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

2025 முதல் 300 மீட்டர். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500. பிஸ்கட் பாக்கெட்டைக்கூட வெளியே வைக்காதீர்கள்.

பாலு: 1960களில் 5,000தானே இருந்தது?

முத்துவேலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.