உயர்ரக டெஸ்க்டாப் ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்குவதென்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் இப்போது சென்ஹைசர் ஹெச்டி 650 ஹெட்ஃபோன் இருக்கிறது. பின்னாளில் ஹைஃபைமேன் சுஸ்வரா மாதிரி ஒரு பிளேனார் (தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி தரும்) ஹெட்ஃபோன் வாங்கும் ஆசையும் இருக்கிறது. கணினி, டாக் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), அந்தச் சிக்னலைப் பெருக்கி ஹெட்ஃபோனை ஓட்டும் ஆம்ப் என்று ஒரே தடவையில் நல்லதாக வாங்கிவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே திரும்பக் கூடாதாம். எத்தனை வாட் வேண்டும், வால்வா டிரான்சிஸ்டரா என்பது கேள்வி.

அதே நினைப்பில்தான் நானும் ஒன்று வாங்கினேன். எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். அதனால் என் பதிலை வாட்டிலிருந்து தொடங்க மனம் வரவில்லை. வால்யூம் குமிழிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வாங்கியது நல்ல கனம், தடித்த அலுமினிய முகப்பு, தொட்டால் சுடும். விவரக் குறிப்பில் வாட் கணக்கு பிரமாதமாக இருந்தது. பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவில் வீடு அடங்கிய பிறகு சன்னமாகக் கேட்கலாம் என்று குமிழைக் குறைத்தால், பாடுபவரின் குரல் நடுவிலிருந்து நழுவி இடது காதுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மயிரிழை கூட்டினால் குரல் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் சத்தம் தேவைக்கு மேல் ஏறிவிடும். கடிகாரத்தில் ஏழரை மணிக்கு முள் எங்கே இருக்குமோ, குமிழின் கோடு எப்போதும் அங்கேதான் நின்றது. எட்டு மாதத்தில் ஒன்பது மணியை அது பார்த்ததே இல்லை.

ஆம்ப் பழுதில்லை. சாதாரண வால்யூம் குமிழுக்குப் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டருக்குள், ஒரே தண்டில் இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என இரண்டு மின்தடைப் பட்டைகள் இருக்கும். தொடக்கப் பகுதியில் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் மேலே போனால் பொருந்திவிடும். என்னை அந்தத் தொடக்கப் பகுதியிலேயே கட்டிப்போட்டது கெயின், அதாவது உள்ளே வரும் வோல்டேஜை ஆம்ப் எத்தனை மடங்காக்குகிறது என்பது.

கணக்கைப் பாருங்கள். ஹெச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபெல் சத்தம் வரும். என் டாக்கின் பேலன்ஸ்டு வெளியீடு (இடது, வலது ஒவ்வொன்றுக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தனித்தனியாக ஓட்டுவது) 4 வோல்ட். ஆம்ப் அதை நான்கு மடங்காக்கினால் 16 வோல்ட், அதாவது குமிழை முழுக்கத் திறந்தால் உச்சத்தில் 127 டெசிபெல். காதுக்கு அது ஆபத்தான எல்லை. இரவில் நான் கேட்கும் அளவுக்கு வர அதை 40 டெசிபெல்லுக்கு மேல் அமுக்க வேண்டும். குமிழ் ஏழரையில் நிற்காமல் வேறெங்கே நிற்கும்? இதுவே சாதாரண 2 வோல்ட் வெளியீட்டை ஒரு மடங்கு கெயினில் கொடுத்தால் உச்சம் 109 டெசிபெல். ஹெச்டி 650-க்கு அதுவே தாராளம், குமிழும் வசதியான இடத்துக்கு வந்துவிடும்.

ஆகவே ஆம்ப்பின் அதிகபட்ச வாட்டைத் தேடுவதற்கு முன்னால், அதில் குறைந்த கெயின் இருக்கிறதா, அது எத்தனை மடங்கு என்று தேடுங்கள். இரண்டாவதாக, வால்யூம் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று பாருங்கள். ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்சுகள்) மூலம் ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றிச் சேர்க்கும் வகை இருக்கிறது. அதில் எவ்வளவு குறைத்தாலும் இரு பக்கமும் சமமாகவே குறையும். என்னைக் கேட்டால், உயர்ரக ஆம்ப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு நிச்சயமாகக் கையில் கிடைப்பது இதுதான். குமிழைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே டக் டக்கென்று சத்தம் வரும். சிலருக்கு அது எரிச்சல், எனக்குப் பிடிக்கும்.

சரி, வாட்டுக்கு வருவோம். சுஸ்வரா ஆசை இருப்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. பெயர்தான் சுஸ்வரா, ஆம்ப்பைப் போட்டுப் பிழிந்தெடுக்கும். 60 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல்தான். இசையின் உச்சங்கள் 110 டெசிபெல்லைத் தொட வேண்டுமென்றால் அதற்குச் சுமார் 500 மில்லிவாட் தேவை, ஏறத்தாழ 5.5 வோல்ட், 90 மில்லிஆம்பியர். அதே 110 டெசிபெல்லுக்கு ஹெச்டி 650 கேட்பது 2.2 வோல்ட்டும் வெறும் 17 மில்லிவாட்டும். முப்பது மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே ஆம்ப் என்றால் கெயின் சுவிட்ச் இல்லாமல் முடியாது என்பது இங்கேயே தெரிந்துவிடும். சுஸ்வராவுக்குக் கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து, 60 ஓமில் ஒன்றரை, இரண்டு வாட் தரும் ஆம்ப் இருந்தால் போதும். உச்சம் 115 டெசிபெல் வரை போகும். அதற்கு மேல் கேட்டால் ஹெட்ஃபோனுக்கு முன்னால் காது போய்விடும்.

இங்கே விளம்பரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. '32 ஓமில் 6 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 32 ஓமில் 6 வாட் என்றால் சுமார் 14 வோல்ட். அந்த ஆம்ப்பின் வோல்டேஜ் உச்சம் அதுதான் என்றால், 300 ஓமில் அது 0.6 வாட்டைச் சுற்றித்தான் தரும். உங்களுக்கு அது ஏகப்பட்டது, கவலை இல்லை. ஆனால் உங்கள் ஹெட்ஃபோனின் ஓமுக்கு எத்தனை வாட் என்று பார்க்காமல், பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வால்வா டிரான்சிஸ்டரா? எனக்கு வால்வின் மேல் வெறுப்பில்லை. இருட்டில் அந்த ஆரஞ்சு வெளிச்சத்துக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆனால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களில் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் தன் வெளியீட்டில் தானே வைத்திருக்கும் மின்தடை, 100 ஓமைத் தாண்டுவது சகஜம். 120 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்டி 650 பெயரளவில் 300 ஓம் என்றாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 500 ஓமைத் தொடும். அந்த இடத்தில் அதற்குக் கிடைக்கும் வோல்டேஜும் கூடும். விளைவு, பாஸ் சுமார் 1 டெசிபெல் எழும்பும். 'வால்வின் கதகதப்பு' என்று பலர் உருகுவதில் ஒரு பங்கு இந்த எளிய கணக்குதான். பிடித்திருந்தால் தாராளமாக அனுபவிக்கலாம், தப்பில்லை. அதே ஆம்ப்பில் 60 ஓம் பிளேனாரைச் செருகினால் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ்தான் ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சேரும், மீதி ஆம்ப்புக்குள்ளேயே வீணாகும். உங்கள் இரண்டு ஹெட்ஃபோன்களையும் வைத்துப் பார்த்தால், அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமுக்குக் கீழே உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்தான் என் சிபாரிசு.

அப்புறம் ஒலித்தரம். 2011-இல் தன் பெயரைச் சொல்லாத ஒரு பொறியாளர், 'ஆப்ஜெக்டிவ்2' என்ற சின்ன ஆம்ப்பின் சர்க்யூட்டை இணையத்தில் வெளியிட்டார். அளவீட்டில் சுத்தமாக இருக்கப் பெரிய செலவு தேவையில்லை என்பது அவர் வாதம். நான் அதை நம்பவில்லை, என் கனமான ஆம்ப் எங்கே, இது எங்கே என்றுதான் நினைத்தேன். விற்பதற்கு முந்தின வாரம் நண்பர் ஒருவர் அப்படியொரு சின்ன ஆம்ப்பையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டையும் காதுக் கணக்கில் சமமாக வைத்து மாற்றி மாற்றிக் கேட்டபோது என்னுடையது தெளிவாக ஜெயித்தது. பிறகு 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஹெட்ஃபோன் செருகியபடியே வோல்டேஜை அளந்தார். சின்னதில் 0.50, என்னுடையதில் 0.54. கிட்டத்தட்ட 0.7 டெசிபெல் அதிகம். கூடுதல் சத்தமென்று காது அதைச் சொல்லாது, 'உயிரோட்டம்' என்றுதான் சொல்லும். இரண்டையும் 0.50-இல் நிறுத்தி, எது ஓடுகிறது என்று சொல்லாமல் நண்பர் மாற்றிக்கொண்டே இருந்தார். பத்துத் தடவை ஊகித்தேன், ஐந்து சரி. நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தாலும் அதே ஐந்துதான் வந்திருக்கும்.

எல்லா ஆம்ப்பும் ஒன்று என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தச் சின்ன ஆம்ப்பில் சுஸ்வராவைச் செருகியிருந்தால் கதை வேறு. கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுங்கள் என்கிறேன். நல்ல வால்யூம் கட்டுப்பாடு, கெயின் சுவிட்ச், தேவையான சாக்கெட்டுகள், ஆன் செய்யும்போது ஹெட்ஃபோனுக்குள் 'தொப்'பென்று அடிக்காமல் சில விநாடி காத்திருந்து இணைக்கும் பாதுகாப்பு ரிலே, பத்து வருடம் கழித்தும் பழுது பார்க்க ஆள் இருக்கும் கம்பெனி. இவற்றுக்குக் கொடுக்கலாம்.

ஆம்ப்பில் பேலன்ஸ்டு வெளியீடு இருந்தால் நல்லது, சாதாரண வெளியீட்டைவிட இரட்டிப்பு வோல்டேஜ் வரை அதில் கிடைக்கும், சுஸ்வராவுக்கு அது உதவும். ஒன்று மட்டும் கவனம். பேலன்ஸ்டு சாக்கெட்டில் அடாப்டர் போட்டுச் சாதாரண மூன்று தொடர்பு பின்னைச் செருகவே செருகாதீர்கள். இடது, வலது ஆம்ப்களின் நெகட்டிவ் முனைகள் ஒன்றாகி ஷார்ட் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டுப் போடுவதற்கு முன் வெறுமனே கேளுங்கள். குமிழை வழக்கமான இடத்தில் வைத்து, உங்களிடம் உள்ளதிலேயே சென்சிட்டிவான இயர்ஃபோனைச் செருகுங்கள். மெல்லிய உஸ் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் ஆம்ப்பின் இரைச்சல், குறைந்த கெயினில் அடங்குகிறதா பாருங்கள். உர்ரென்று உறுமினாலோ, மவுஸை அசைக்கும்போது கீச்சென்றாலோ ஆம்ப்பைத் திட்டாதீர்கள். கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாகவோ கிரவுண்டு வழியாகவோ வருவதாக இருக்கும். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை கேட்டால் தெரிந்துவிடும்.

உங்கள் டாக் எது என்று நீங்கள் சொல்லவில்லை. அதன் வெளியீடு 2 வோல்ட்டா 4 வோல்ட்டா என்று சொன்னால், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஆம்ப்பில் குமிழ் எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.