இடது கையால் எழுதிய பக்கங்கள்

ஐயா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஆலைச் சங்கை வைத்து ஒரு கதை தொடங்கி, பாதியை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். அப்புறம் ஐந்து மாதமாக உந்துதலே வரவில்லை. காந்தி கப்பலில் பத்தே நாளில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ புத்தகத்தை எழுதினாராமே, எழுத்து அப்படித்தானே வரவேண்டும்? என்னுடையது சோம்பலா? கைபேசியில் எழுதலாமா, நோட்டில்தான் எழுத வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் டர்பன் பக்கத்தில் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போய்வந்தேன். அந்த நினைப்பு கலைவதற்குள் உங்கள் கடிதம்.

பத்து நாள், பத்து நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1909 நவம்பர், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் பயணம். கையெழுத்துப் பிரதி 275 பக்கம். அதில் 40 பக்கம் இடது கையால் எழுதியது, வலது கை ஓய்ந்துபோனதால். உந்துதல் வந்தால் கை வலிக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது? 1903 முதல் தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகைக்காக எழுதி எழுதித் தேய்ந்த கை அது. 1904இல் அந்தப் பத்திரிகையின் அச்சகம் ஃபீனிக்ஸுக்கு வந்த முதல் ராத்திரியே எண்ணெய் எஞ்சின் மக்கர் செய்தது. அச்சு இயந்திரத்தின் கைச்சக்கரத்தைச் சுற்ற ஒரே நேரத்தில் நாலு பேர் வேண்டும். அசந்து தூங்கிய தச்சர்களை எழுப்பிச் சுற்ற வைத்தார்கள். உங்கள் பத்து நாள் கணக்கில் அந்த ராத்திரி உண்டா?

பதினெட்டு வயதில் நானும் இடது கையால் எழுதிப் பார்த்தேன். ‘ழ’ மண்புழுவாக நெளிந்தது. ஆயா எட்டிப் பார்த்து, “வலது கையில எழுதினதே யாருக்கும் வெளங்கல” என்றாள்.

ஆயா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயில் மல்லாந்து தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அப்படியே கிடந்தவள் திடீரென எழுந்து, மறந்துபோன தாலாட்டின் அடுத்த வரியைப் பாடினாள். ஊரில் கேட்டால் சும்மா கிடந்தபோது வந்தது என்பார்கள். அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி பிழியும்போதும் முந்தைய வரியை அவள் முனகிக்கொண்டே இருந்ததைக் கேட்டவன் நான்.

நீங்களும் படுத்திருக்கிறீர்கள், சரி. முனகினீர்களா? சோம்பல் என்று உங்களைத் திட்ட எனக்கு மனசில்லை. ஐந்து மாதமாக அந்தக் கதையை நீங்கள் எடுத்துப் படிக்கக்கூட இல்லை, அதற்குத்தான் கோபம்.

கைபேசியோ நோட்டோ, உங்கள் இஷ்டம். உங்கள் கதையில் ஆலைச் சங்கு ஊதியபோது அந்தப் பெரியம்மா வாசற்படியில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாரே, உள்ளே போனாரா, இல்லையா?