வயதானவர்களுக்கு இதயச் செயலிழப்பு வந்தால் ஆண்டுக்கு எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்?

அப்பாவுக்கு 74 வயது, போன வாரம்தான் வீட்டுக்கு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பினாங்கில் மெடிக்கல் வார்டு தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை; ரத்தத்தைத் தேவையான அளவு பம்ப் செய்ய முடியாமல் உடம்பில் தண்ணீர் சேர்வது. ஆண்டுக்கு இத்தனை தடவை என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரு தடவை வந்து போனபின் பல வருஷம் வார்டுப் பக்கமே வராதவர்கள் உண்டு. அடிக்கடி வந்து, எந்தக் கட்டிலுக்கு மேல் ஃபேன் நன்றாகச் சுற்றும் என்று எங்களுக்கே சொல்லித் தருகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களின் கணக்கைப் பார்த்தால், இதற்காகச் சேர்ந்து வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய நாலைந்து பேரில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆகிறார். ஆறு மாதத்துக்குள் கிட்டத்தட்டப் பாதிப்பேர். அதனால்தான் 2012 முதல், இப்படி அளவுக்கு மீறி நோயாளிகள் திரும்பி வரும் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கே அரசாங்கம் பணத்தைக் குறைக்கிறது. மலேசியாவில் மேல்நாட்டாரைவிட இளவயதிலேயே இந்த நோயோடு வருகிறார்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

ஆக, அப்பா இப்போது இருக்கும் இந்தச் சில வாரங்கள்தான் கண்டம். திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் இதயத்துக்காகவே வருவதில்லை. நிமோனியா, சிறுநீரகக் கோளாறு, தலைசுற்றி விழுந்தது என்று வருகிறவர்கள்தான் பாதிக்கு மேல். ஃப்ளூ ஊசி போட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயத்துக்காகவே வருகிறவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் காரணம் பல நேரம் வீட்டிலேயே இருக்கும். நான் அதிகம் பார்த்தது தண்ணீர் மாத்திரைச் சங்கதி, அதாவது உடம்பில் சேரும் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. கல்யாணத்துக்குப் போகவேண்டும், பஸ்ஸில் ஈப்போ போகவேண்டும், தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கூட்டத்தில் கழிப்பறையைத் தேடி அலைய முடியுமா? அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவார்கள். மறுநாள் கால் வீங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. சரி, ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்த நாளும் விடுவார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டாலே போதும், பல பேருக்கு மாற்றித் தருவார்கள்.

உப்பு என்றதும் குழம்பில் மட்டும் குறைக்கிறோம். கருவாடு, நெத்திலிச் சம்பல், ஊறுகாய், மேகி, கிச்சாப் (சோயா சாஸ்) இதெல்லாம் கணக்கிலேயே வராது. முட்டிவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் இன்னும் மோசம், உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி வைக்கும். கேட்டால், 'அது காலுக்குப் போட்டதுதானே மிஸ்ஸி, ஹார்ட்டுக்கு என்ன?' என்பார்கள்.

மூச்சு திணறுவதற்குப் பல நாள் முன்பே தண்ணீர் சேர ஆரம்பித்துவிடும். அதைக் காட்டிக்கொடுப்பது எடை. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, பசியாறுவதற்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் நிறுத்துப் பார்த்துக் காலண்டரிலேயே எழுதிவிடுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த அப்பாயின்மெண்ட் வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். வழக்கமாக ஒரு தலையணை வைத்துத் தூங்குகிறவர், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று கேட்டாலும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 999.

வீட்டுக்கு வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை டாக்டரைப் பார்ப்பது நல்லது. போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது உட்பட.