கே-பாப் ரசிகர்கள் அரசியலுக்கு வந்த கதை: கேள்வி பதில்

அக்கா, கே-பாப் என்கிற கொரிய பாப் பாட்டு கேட்கச் சேர்ந்த கூட்டத்துக்குள் அரசியல் எப்படி வந்தது?

அரசியல் பிறகுதான் வந்தது. அதற்கு வேண்டிய பழக்கங்கள் முன்பே இருந்தன. ஒரே நேரத்தில் ஹேஷ்டேக் போடுவது, அபிமான நட்சத்திரத்தின் பிறந்தநாளுக்குப் பணம் திரட்டி ரயில் நிலையத்தில் விளம்பரம் வைப்பது, அதற்குக் கணக்கு காட்டுவது எல்லாம் இவர்களுக்குக் கைவந்த வேலை. முகம் பார்க்காத ஒருவரை நம்பிப் பணம் அனுப்புகிறார்களே, அந்த நம்பிக்கைதான் முக்கியம். 2020 ஜூனில் கொரிய இசைக்குழுவான பிடிஎஸ்ஸும் அதன் நிறுவனமும், கறுப்பின மக்கள் மீதான இனவெறியை எதிர்க்கும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்த செய்தி வந்தது. ஏறத்தாழ ஒரே நாளில் ரசிகர்களும் அதே தொகையைத் திரட்டிவிட்டார்கள்.

அதே மாதம் அமெரிக்காவின் டல்சா நகரில் டிரம்பின் தேர்தல் கூட்டம் காலியாகக் கிடந்தது இவர்களால்தானே?

அப்படிச் சொல்ல மாட்டேன். கே-பாப் ரசிகர்களும் டிக்டாக் இளைஞர்களும் போகும் எண்ணமே இல்லாமல் பதிவு செய்தது உண்மை. ஆனால் பதிவுக்கு வரம்பு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். அதனால் யாருடைய நாற்காலியும் பறிபோகவில்லை. 19,000 பேர் கொள்ளும் அரங்கில் சுமார் 6,200 பேர் என்றது தீயணைப்புத் துறை. கொரோனா பயமும் இருந்தது. 10 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் என்று பிரசாரக் குழு பெருமை பேசியிருந்ததால்தான் காலி இருக்கைகள் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தன.

என்னைக் கேட்டால், தாய்லாந்தில் நடந்ததுதான் பெரிய விஷயம்.

அங்கே என்ன நடந்தது?

2020 அக்டோபரில் பாங்காக்கில் மாணவர் போராட்டத்தை முடக்க ரயில் நிலையங்களை மூடினார்கள். கோபமடைந்த ரசிகர்கள், இனி ரயிலில் பிறந்தநாள் விளம்பரம் கிடையாது என்று முடிவெடுத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வராமல் தவித்த டுக்-டுக் (மூன்று சக்கர ஆட்டோ) ஓட்டுநர்களுக்கு அந்த விளம்பரங்கள் போயின. போராட்டக்காரர்களின் ஹெல்மெட்டுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியாக நிதி திரட்டினார்கள். காசு யாரிடம் போக வேண்டும் என்று சேர்ந்து தீர்மானிப்பது அரசியல் இல்லாமல் வேறென்ன?

எல்லாருக்கும் ஒரே கருத்தா?

இல்லவே இல்லை. ரசிகர்களுக்குள்ளேயே இனவெறியைச் சந்தித்ததாகக் கறுப்பின ரசிகர்கள் 2020இலேயே வெளிப்படையாகப் பேசினார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

சரி, கொரியாவிலேயே?

2024 டிசம்பர் 3 இரவு தென் கொரியாவின் அப்போதைய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். அடுத்த நாட்களில் கச்சேரிக்கு எடுத்துப்போகும் ஒளிக்கோல்களோடு இளம்பெண்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். வர முடியாதவர்கள் பக்கத்து காபிக் கடைகளில் முன்கூட்டியே பணம் கட்டி, போராட வந்தவர்களுக்குக் காபி கிடைக்கச் செய்தார்கள். 14ஆம் தேதி நாடாளுமன்றம் அதிபர் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது.