ட்வீட்டர் ரெசிஸ்டர் பலகையைக் கருக்குகிறது: 5 வாட் போதுமா?

ட்வீட்டருக்கு (உயர் ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) தொடராகப் போட்ட ரெசிஸ்டர் சூடாகி சர்க்யூட் பலகையைக் கருக்குகிறது, 5 வாட் ரெசிஸ்டர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, 10 வாட் போடுங்கள். 8 ஓம் ட்வீட்டரோடு தொடராக 4.7 ஓம் வைத்தால், அந்தக் கிளைக்குள் வரும் திறனில் ஏறக்குறைய 37 சதவீதம் ரெசிஸ்டரிலேயே வெப்பமாகிவிடும் (4.7 ÷ 12.7).

உங்கள் 50 வாட் ஆம்ப்ளிஃபையர் 8 ஓமில் தருவது 20 வோல்ட். அது முழுக்க உயர் அதிர்வெண் சைன் அலையாக வந்தால் ரெசிஸ்டரில் சுமார் 12 வாட். இசையில் உயர் அதிர்வெண்களின் பங்கு குறைவு என்பதால்தான் பலருக்கு 5 வாட்டே ஓடிவிடுகிறது. பலகை கருகும் அளவுக்குப் போனால் நான் முதலில் சந்தேகிப்பது கிளிப்பிங், அதாவது ஆம்ப்ளிஃபையர் தன் வரம்பை மீறும்போது அலையின் உச்சி வெட்டுப்படுவது. அப்போது புதிதாக முளைக்கும் ஹார்மானிக்குகள் (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) பெரும்பாலும் ட்வீட்டர் பக்கம்தான் போகும்.

சோதித்துப் பாருங்கள்: வழக்கமான சத்தத்தில் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே ஏசி வோல்ட் அளந்து, அதன் வர்க்கத்தை 4.7ஆல் வகுங்கள். 3 வோல்ட் வந்தால் 1.9 வாட். ரெசிஸ்டரின் ரேட்டிங் (அது தாங்கும் வாட் அளவு) அதைப்போல மூன்று, நான்கு மடங்கு இருக்கட்டும். மலிவான மல்டிமீட்டர் உயர் அதிர்வெண்ணில் குறைத்துக் காட்டலாம், அதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், 10 வாட் போட்டாலும் உருவாகும் வெப்பம் அதேதான். பரப்பு பெரிது என்பதால் சூடு கொஞ்சம் தணியும், அவ்வளவே. பலகையிலிருந்து சற்றுத் தூக்கி, கெபாசிட்டரை ஒட்டாமல் பொருத்துங்கள்.