காதில் இயர்போன் மாட்டிப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினால் என்ன ஆபத்து?

"போன் கையில் இல்லை, கண் ரோட்டில்தான் இருக்கிறது, அப்புறம் என்ன?" என்பது உங்கள் கேள்வி. சிக்கல் கையில் இல்லைங்க, கவனத்தில். பேச்சில் மூழ்கிய மூளை, கண்ணுக்கு நேரே இருப்பதையும் தவறவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. இரண்டு நொடி என்றால், டவுன் பஸ் இரண்டை வரிசையாக நிறுத்திய நீளம். கோவை அவினாசி ரோட்டில் யூ-டர்ன் அடித்து ஒருவர் குறுக்கே வர அது தாராளம்.

பின்சீட்டில் இருப்பவரோடு பேசுவது வேறு. லாரி நெருங்கினால் அவரே வாயை மூடிக்கொள்வார். போனில் இருக்கும் மாமாவுக்கு லாரி தெரியாது.

சண்டையும் இதிலிருந்தே கிளம்புகிறது. காந்திபுரத்தில், தோளில் போனை இடுக்கியபடி தள்ளாடியவருக்கு ஒருமுறை ஹாரன் அடித்தேன். அடுத்த சிக்னல் வரை துரத்தி வந்து திட்டினார். கடைவீதியில் தோள் இடித்தால் "பாக்கலீங்க" என்று முடிந்திருக்கும். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது. ஹாரனுக்கு மன்னிப்புக் கேட்கவும் வராது. திருப்பிக் கத்தாமல் அவரை முன்னே போகவிட்டேன். எனக்குப் போனது அரை நிமிடம்.

சட்டமும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, போனைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் முதல்முறை அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறைத்தண்டனைக்கும் இடமிருக்கிறது. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம். அழைப்பு வந்தால் ஓரங்கட்டிப் பேசுங்கள்.