பாலாமையைக் கிணற்றில் விடலாமா?

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு ஆமை. முதுகு வழவழவென்று பாசி நிறத்தில் இருக்கிறது. ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று மாமியார் பதறுகிறார். கிணற்றில் விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்கிறார் கணவர். கடலில் விடலாம் என்கிறான் பையன். இது எங்கிருந்து வந்திருக்கும்?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அது வீட்டுக்குள் புக வரவில்லை, போகிற வழியில் உங்கள் வாசல் குறுக்கே வந்துவிட்டது என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

வழவழ முதுகு என்பதால் பாலாமையாகத்தான் இருக்கும். ஓட்டின்மேல் தோல் போர்த்தியிருக்கும். அடிப்பக்கம் பின்னங்கால்களுக்கு நேராக இரண்டு மடல்கள். காலை உள்ளே இழுத்ததும் கதவு சாத்துவதுபோல் அவை மூடிக்கொள்ளும்.

பாகிஸ்தானின் சிந்துப் படுகையிலிருந்து நேபாளம், வங்கதேசம், மியான்மர் வரை, தெற்கே இலங்கை வரை இந்த ஆமை உண்டு. வடக்கே சிந்து, கங்கைப் பக்கம் முதுகில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். நம் பக்கத்து ஆமைக்குக் கிடையாது. 2020 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில் உடம்பெல்லாம் மஞ்சளாக ஓர் ஆமை பிடிபட்டுப் படம் வந்ததே, அதுவும் இதே இனம்தான். நிறமிக் குறைபாடு, வேறொன்றுமில்லை.

எந்த நாட்டில் இருந்தாலும் அதற்கு வேண்டியது தேங்கிய தண்ணீரும் சேற்றுத் தரையும். குளம், குட்டை, வயல், வாய்க்கால் எல்லாம் சரி. நத்தை, தவளை, மீன், நீர்ச்செடி, செத்துக் கிடப்பது, எதையும் விடாது. எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்தால் அல்லி இலைகளுக்கு நடுவே இரண்டு துளையுள்ள சின்னக் குழாய் மூக்கு மட்டும் மேலே வரும். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் காபியை ஆறவிட்டதுண்டு.

கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து பட்டினி கிடக்கும்; இல்லாவிட்டால் வேறு தண்ணீர் தேடி நடக்கும். மழை விழுந்ததும் வெளியே வரும். உங்கள் விருந்தாளி வந்த கதை அநேகமாக இதுதான்.

கிணறு வேண்டவே வேண்டாம். செங்குத்துச் சுவரில் அதனால் ஏற முடியாது, முட்டையிடக் கரை மண்ணும் இருக்காது. தின்றதைக் கழிப்பதும் அதே தண்ணீரில்தான். வீட்டுக்காரர் அதை யோசிக்கவில்லை போலிருக்கிறது. இது நன்னீர் உயிர், கடல் இதற்கு இடமே இல்லை. தொட்டியில் போட்டு வளர்க்கலாம் என்று பையன் அடுத்து ஆரம்பிப்பான். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், வீட்டில் வைத்தால் வழக்கு வரும்.

(முதுகு மேடு மேடாக, நட்சத்திரக் கோடுகளோடு இருந்தால் அது தரை ஆமை. புண்ணியம் என்று தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், மூழ்கிச் செத்துப்போகும்.)

பக்கத்துக் குளத்தின் கரையோரம் விட்டாலே போதும். தூக்கும்போது இரண்டு கையாலும் பின்பக்கமாகப் பிடியுங்கள். கழுத்து நாம் நினைப்பதைவிட நீளம், கடியும் பலமாக இருக்கும்.